இன்டர்வியூ முடிந்து மலையேறிய பிறகு

இன்டர்வியூ அறையை விட்டு எழுந்திருக்கும்போது காதில் விழுவது பெரும்பாலும் ஒரே பதில்தான். திருவனந்தபுரத்தில் "விளிக்காம்" (கூப்பிடுகிறோம்) என்பார்கள். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் போனால் "சொல்லி அனுப்புறோம்." பெரிய கம்பெனி என்றால் "ஹெச்.ஆர்.ல இருந்து கூப்பிடுவாங்க." அதற்குப் பிறகு என்ன செய்வது என்று ஐ.டி.ஐ.யிலும் சொல்லித் தருவதில்லை, கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. வீட்டில் கேட்டால், "கிடைக்கிறதா இருந்தா கூப்பிடுவாங்க, சும்மா இரு" என்று முடித்துவிடுவார்கள். இந்த அத்தியாயம் அந்தச் சும்மா இருப்பதைப் பற்றியது, அதிலும் போனக்காடு போன்ற மலையில் இருப்பவர்களுக்கு.

விதுராவில் பஸ் மாறி, காணித்தடம் செக்போஸ்ட் கடந்து, பேப்பாறைக் காட்டின் ஓரமாக வளைந்து ஏறினால் போனக்காடு. திருவனந்தபுரம் நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அகஸ்தியர்கூடம் போகிறவர்களுக்கு நடை தொடங்கும் இடம். யூடியூப்காரர்களுக்குப் பேய் பங்களா. லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு, ஆலை நின்றுபோய், சம்பளப் பாக்கியும் கிராஜுவிட்டியும் பேச்சாகவே மிஞ்சிய தேயிலைத் தோட்டம். தாத்தா காலத்தில் இங்கே யாரும் இன்டர்வியூவுக்குப் போகவில்லை. கங்காணி பேர் கொடுத்தால் வருகைப் பதிவேடான மஸ்டரில் பேர் ஏறிவிடும். இன்றைய பிள்ளைகள் வேலைக்காகக் கீழே இறங்கியே ஆக வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை மலையேற்றக் காலத்தில் கொஞ்சம் பேருக்கு வழிகாட்டி வேலையும் சமையல் வேலையும் கிடைப்பதுண்டு. அதற்கு இன்டர்வியூ இல்லை, இந்தப் புத்தகமும் வேண்டாம்.

மற்ற எல்லா வேலைக்கும் ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கூப்பிடுகிறவர் எப்படிக் கூப்பிடுகிறார்? மேசையில் ஒரு பட்டியல் இருக்கிறது. இருபது பேரைப் பார்த்து, பிடித்த நாலைந்து பேரை மேலே எழுதி வைத்திருக்கிறார். முதல் நம்பரை அழுத்துகிறார். "பரிதிக்குப் புறத்தாணு" (எல்லைக்கு வெளியே இருக்கிறார்) என்று ரெக்கார்டு குரல் சொல்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை அழுத்துவார், அவர் நல்லவராக இருந்தால். அப்புறம் இரண்டாவது பேர். அந்தப் பெண்ணோ பையனோ போனை எடுத்து "நாளைக்கே வர்றேன் சார்" என்றதும் பட்டியல் மடிக்கப்படுகிறது. முதல் பேருக்குச் சொந்தக்காரர் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து, "அவங்க கூப்பிடவே இல்லை" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார். மலையில் இருக்கிறவர்களுக்கு வரும் மௌனத்தில் ஒரு பங்கு நம் பக்கத்து மௌனம். முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

கீழே இருக்கும்போதே செய்ய வேண்டியவை

அறையை விட்டு எழும்போது, "கேட்க ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். பலரும் "ஒண்ணும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டுத் தப்பித்தால் போதும் என்று ஓடி வந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் கேட்க வேண்டும்: முடிவு எந்தத் தேதிக்குள் தெரியும், போனில் சொல்வீர்களா மெயிலில் வருமா, நான் கேட்பதாக இருந்தால் யாரைக் கேட்க வேண்டும். இது தைரியப் பேச்சு ஆகாது. வேலைக்கு ஆள் எடுக்கிற எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பதிலை அவர்கள் முன்னாலேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப நினைத்தவர்கூட, நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் ஒரு நிமிடம் யோசித்து உண்மையான தேதியைச் சொல்வார்.

அடுத்தது இரண்டாவது நம்பர். விண்ணப்பத்தில் உங்கள் நம்பருக்குக் கீழே, சிக்னல் எப்போதும் இருக்கிற ஊரில் வசிக்கும் ஒருவரின் நம்பரையும் எழுதுங்கள். விதுராவில் கடை வைத்திருக்கும் மாமா, நெடுமங்காட்டில் இருக்கும் சித்தி, யாராக இருந்தாலும் சரி. ஆனால் நம்பரை எழுதினால் மட்டும் போதாது, அவர்களிடம் சொல்லியும் வையுங்கள். சொல்லாமல் விட்டால், அழைப்பு வரும்போது மாமா "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார். அதோடு கதை முடிந்தது. அவர் குறித்துவைக்க வேண்டியது நாலே நாலு: கம்பெனி பேர், பேசியவர் பேர், திரும்ப அழைக்க வேண்டிய நம்பர், கெடு. சம்பளம் எவ்வளவு தருவீர்கள், பிள்ளை ரொம்ப நல்ல பிள்ளை என்றெல்லாம் அவர் பேச ஆரம்பித்தால் காரியம் கெடும். அன்பாகவே சொல்லி வையுங்கள்.

பெரும்பாலான போன்களில் அழைப்பைத் திருப்பிவிடும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் அழைப்பு சம்பந்தப்பட்ட பகுதிக்குப் போனால், எப்போதும் திருப்புவது, பிஸியாக இருந்தால் திருப்புவது, எடுக்காவிட்டால் திருப்புவது, எல்லைக்கு வெளியே இருந்தால் திருப்புவது என்று தனித்தனியாக இருக்கும். கடைசியானதில் மட்டும் மாமாவின் நம்பரைப் போட்டுவையுங்கள். நீங்கள் மேலே இருக்கும்போது வரும் அழைப்பு அவருக்குப் போய்விடும். சிக்னல் கிடைக்கும்போது வழக்கம்போல உங்களுக்கே வரும். இதை நீங்களே செட்டிங்ஸில் போய்ச் செய்ய வேண்டும். யாரோ போனில் கூப்பிட்டு, நட்சத்திரக் குறியோடு ஒரு நம்பரை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். அது உங்கள் அழைப்புகளையும் அழைப்பில் வரும் ஓ.டி.பி.யையும் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளும் திருட்டு.

ரீசார்ஜ் முடிந்த சிம்மில் சில நாட்களில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். வேலை தேடும் காலத்தில் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். 0471, 0472 என்று தொடங்கும் தெரியாத நம்பர் வந்தால் எடுங்கள்; முதலாவது திருவனந்தபுரம், இரண்டாவது நெடுமங்காடு. லோன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பாகவும் இருக்கலாம்தான். பத்து லோன்காரர்களுக்கு "வேண்டாம்" சொல்வதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பிறகு மெயில். இது தனிக் கதை. அக்ஷயா இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டபோது, அவசரத்தில் அங்கே இருந்தவர் ஒரு மெயில் முகவரி உண்டாக்கித் தந்திருப்பார். பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும், அல்லது அவருக்கும் மறந்துவிட்டது. இன்னும் மோசம், மையத்தின் சொந்த முகவரியையே உங்கள் விண்ணப்பத்தில் போட்டிருப்பார். சேரச் சொல்லி வந்த கடிதம் அங்கே நூறு மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவில் கிடக்கும். உங்கள் பேரில், உங்கள் நம்பரோடு இணைத்த ஒரு முகவரியை உண்டாக்கி, பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள்.

எப்போது கேட்பது

தேதி சொல்லியிருந்தால் அந்தத் தேதி கழிந்து இரண்டு வேலை நாள் பொறுங்கள். தேதி சொல்லவில்லை என்றால் ஒரு வாரம். இன்டர்வியூ முடிந்த மறுநாளே போன் செய்து "என்னாச்சு சார்?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, அவருக்கே தெரிந்திருக்காது.

அமெரிக்காவில் இன்டர்வியூ முடிந்த அன்றே நன்றிக் கடிதம் அனுப்பும் வழக்கம் இருக்கிறது. டெக்னோபார்க்கில் உள்ள கம்பெனிகளில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பழகியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அன்று மாலையே இரண்டு வரி மெயில் போட்டால் நல்லதுதான். சாலைக் கடைவீதியிலோ கிழக்கேகோட்டையிலோ உள்ள ஜவுளிக்கடை முதலாளிக்கு அப்படி ஒன்றை அனுப்பினால் குழம்பிப்போவார். ஆளைப் பார்த்துச் செய்யுங்கள்.

முதல் முறை கேட்டதற்கு "இன்னும் முடிவாகலை" என்று பதில் வந்தால், அதுவும் ஒரு பதில். கொழுந்து எடுத்த தேயிலைச் செடியில் மறுபடி கொழுந்து வர எத்தனை நாள் விடுவார்களோ அத்தனை நாள், அதாவது ஒரு வாரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு, இரண்டாவது முறை கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு மாதம் கழித்து மூன்றாவது முறை, ஒரே ஒரு செய்தி. அதோடு நிறுத்திவிடலாம். இதற்கிடையில் வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருங்கள். ஒரு "விளிக்காம்" என்ற பதிலுக்காக மற்றதை நிறுத்தி வைக்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

நேரமும் முக்கியம். நகரத்தில் மாநில அரசு அலுவலகங்கள் காலை 10.15க்குத் தொடங்கி மாலை 5.15க்கு முடிகின்றன, இரண்டாவது சனிக்கிழமை விடுமுறை. பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை அழைப்பது நல்லது. ஜவுளிக்கடை, சூப்பர்மார்க்கெட்டுக்குக் காலை கடை திறந்ததும் அழையுங்கள். மாலையில் கூட்டம் இருக்கும்போது அழைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஓணத்துக்கு முந்தின வாரங்களில் கடைக்காரர்களுக்கு ஆள் அவசரமாக வேண்டும், முடிவும் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். ஆனால் ஒன்று சொல்கிறேன். கடை வேலையில் சேர்ந்தவர்கள் பலர் நிலைப்பதில்லை. ஹாஸ்டல் பிடிக்கவில்லை, நின்று நின்று கால் வலி என்று ஓணம் கழிந்ததும் போய்விடுவார்கள். அதனால் ஆகஸ்டில் இல்லை என்று சொன்ன அதே கடைக்கு, ஓணம் முடிந்து இரண்டு வாரத்தில் மறுபடி போன் செய்வது நல்ல யோசனை. முகமும் பேரும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதிதாக விளம்பரம் கொடுப்பதைவிட உங்களை எடுப்பது அவர்களுக்குச் சுலபம்.

என்ன சொல்வது

போனில் என்றால் நீங்கள் பேசப்போகும் மலையாளம் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்ததுதான்: "ஸார், ஞான் கழிஞ்ஞ வெள்ளியாழ்ச இன்டர்வியூவினு வந்நதாணு. தீருமானம் ஆயோ என்னறியான் விளிச்சதா." போன வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன், முடிவாயிற்றா என்று அறியக் கூப்பிட்டேன்; அவ்வளவு போதும். பேர், எந்த நாள், எந்த வேலை என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தமிழ் நெடி அடிக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். திருவனந்தபுரத்துக் கடைவீதிக்குத் தமிழ் கலந்த மலையாளம் புதிதில்லை.

தமிழ்நாட்டு முதலாளிக்கு வாட்ஸப்பில் அனுப்புவது என்றால் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். கடந்த 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை பில்லிங் வேலைக்கான இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். 20ஆம் தேதிக்குள் முடிவு சொல்வதாகத் தெரிவித்திருந்தீர்கள். நான் சேரத் தயாராக இருக்கிறேன். முடிவு எப்போது தெரியும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் ஊரில் சில நேரம் சிக்னல் கிடைக்காது. அப்போது இரண்டாவது நம்பருக்கு அழைக்கலாம்."

கீழே பேரும் இரண்டு நம்பரும். இதில் கெஞ்சல் இல்லை என்பதைக் கவனியுங்கள். "குடும்பக் கஷ்டம் சார்", "அப்பாவுக்குப் பாக்கி வரலை சார்" என்பதெல்லாம் உண்மையாக இருந்தாலும் இந்த இடத்தில் வேண்டாம். கஷ்டத்தைக் கேட்டு ஒருவர் இரக்கப்படலாம். வேலைக்கு ஆள் எடுக்கிறவர் இரக்கத்தை வைத்து எடுத்தால், அந்த இரக்கம் சம்பளப் பேச்சில் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். குட் மார்னிங் படங்கள், சாமி படங்கள் அனுப்பி ஞாபகப்படுத்தும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குரல் பதிவு அனுப்புவதும் சரியில்லை, அலுவலகத்தில் அதைக் கேட்க ஆளில்லை.

வேலை கேட்டு எழுதுவதில் நம்மவர்களிடம் நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் 1912 பிப்ரவரி 9ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு கிளார்க் வேலை கேட்டு எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து அதற்கு மேல் தொடர முடியாமல் போனதையும் ஒளிக்காமல் சுருக்கமாகச் சொல்லி, கணிதத்தில் தொடர்ந்து உழைத்து வருவதையும், கொடுத்த வேலையைச் செய்வேன் என்ற நம்பிக்கையையும் எழுதினார். கூடவே மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த சிபாரிசுக் கடிதம். மார்ச் 1ஆம் தேதி மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்துவிட்டார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த வருடம் அவர் எழுதிய கடிதங்கள். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் அதே ஊரில் வேறு கணித அறிஞர்களை அணுகி உதவி கிடைக்கவில்லை. அவர்களையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஹார்டி பிப்ரவரி 8 அன்று பதில் போட்டார். ராமானுஜன் பிப்ரவரி 27 அன்று இரண்டாவது கடிதம் எழுதினார். அதில் முதல் கடிதத்தையே திருப்பி எழுதவில்லை, புதிய தேற்றங்களைச் சேர்த்திருந்தார். வேண்டுகோளும் ஒன்றே ஒன்று, அதுவும் ஹார்டியால் உடனே செய்யக்கூடியது: இங்கே உதவித்தொகை கிடைக்க உதவும்படி அனுதாபத்தோடு ஒரு கடிதம். அந்த வருடம் மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது.

நமக்குத் தேற்றம் தெரியாது. ஆனால் இன்டர்வியூவுக்குப் பிறகு நம்மிடம் புதிதாகச் சேர்ந்தது ஏதாவது இருக்கும். டிரைவிங் லைசென்ஸ் கையில் வந்திருக்கலாம், டாலி பாடத்தின் சர்டிபிகேட் கிடைத்திருக்கலாம், அன்று தடுமாறிய கேள்விக்கு இப்போது பதில் தெரிந்திருக்கலாம். இரண்டாவது முறை எழுதும்போது அதைச் சேர்த்து எழுதுங்கள். "முடிவு என்னாச்சு" என்று மட்டும் கேட்கும் இரண்டாவது செய்தியைவிட இது எளிதில் பதில் வாங்கித் தரும்.

யாரிடம் கேட்கிறோம்

மேலே சொன்னதில் பெரும்பகுதி தனியாருக்கு. அரசாங்க வேலையில் பணிவான செய்தியால் ஒன்றும் நகராது. அங்கே விதி தெரிந்திருக்க வேண்டும்.

கேரள பி.எஸ்.சி.யை எடுத்துக்கொள்வோம். துளசி என்ற அவர்கள் தளத்தில் உண்டாக்கும் புரொஃபைலில் விண்ணப்பம், தேர்வு, சில பதவிகளுக்கு மட்டும் இன்டர்வியூ, பிறகு ரேங்க் லிஸ்ட். லிஸ்டுக்குக் குறைந்தது ஒரு வருட ஆயுள். அதற்குள் புது லிஸ்ட் வராவிட்டால் மூன்று வருடம் வரை நீளும். பேர் வந்துவிட்டது என்று கும்பிட்டுவிட்டு உட்காரக் கூடாது. எந்த ரேங்க் வரை அட்வைஸ், அதாவது நியமனப் பரிந்துரை, போயிருக்கிறது என்று பி.எஸ்.சி. இணையதளத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துறைகள் காலியிடத்தை பி.எஸ்.சி.க்குத் தெரிவித்தால்தான் லிஸ்ட் நகரும். சில துறைகள் தெரிவிக்காமல் இழுத்தடிக்கும். ரேங்க் லிஸ்டில் உள்ளவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, எந்த அலுவலகத்தில் எத்தனை காலியிடம், அதில் எத்தனையை பி.எஸ்.சி.க்கு அறிவித்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கிறார்கள். அட்வைஸ் கிடைத்தும் சேராதவர்களின் இடத்தை மறுபடி அறிவிக்கச் சொல்லி நடப்பதும் இவர்கள்தான். கேரளத்தில் பின்தொடர்தல் என்றால் நிஜமாக நடப்பது இதுதான். லிஸ்ட் முடிய நாள் எண்ணிக்கொண்டு தலைமைச் செயலகத்தின் முன்னால் பாய் விரித்துப் படுத்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைக்குப் போகும் முன்பே துறைகளுக்கு மனுப் போடத் தொடங்குவது புத்திசாலித்தனம். லயத்திலிருந்து வேறு வீட்டுக்கு மாறினால் புரொஃபைலில் முகவரியை அன்றே மாற்றுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு அதுவும் இல்லை. பி.பி.எல். கார்டின் நகலை இணைத்தால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இன்டர்வியூ நடத்திய அரசு நிறுவனத்திடம் உங்கள் மதிப்பெண் எவ்வளவு, கடைசியாகத் தேர்வானவரின் மதிப்பெண் எவ்வளவு, காத்திருப்புப் பட்டியல் உண்டா, அதில் உங்கள் இடம் என்ன என்று கேட்கலாம். "எனக்கு ஏன் வேலை தரவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் கேட்பதில் சேராது, அப்படியே திரும்பி வரும்.

மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே மத்திய அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. விதுராவில் ஐசர் என்ற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம். நெடுமங்காட்டுக்குப் பக்கத்தில் வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்துவிசை அமைப்பு மையமும் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகமும். இப்படிப்பட்ட இடங்களின் முடிவு அவர்கள் இணையதளத்தில் வரும். அறிவிப்பு எண்ணைக் குறித்துவைத்துத் தேடுங்கள். இன்னொன்று: மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கும் கெசட்டட் அல்லாத குரூப் பி வேலைகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவே கிடையாது, எழுத்துத் தேர்வும் திறன் தேர்வும்தான். அப்படிப்பட்ட வேலைக்கு "இன்டர்வியூ மார்க் போட ஆள் இருக்கு" என்று யாராவது பணம் கேட்டால், பொய் சொல்கிறார் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

பெரிய வளாகங்களில் துப்புரவு, காவல், மெஸ் வேலைகளுக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் கான்ட்ராக்டர். இன்டர்வியூ நடந்த கட்டடம் ஒருவருடையது, சம்பளம் போடுகிறவர் வேறொருவர். வளாகத்து அலுவலகத்துக்கு நூறு முறை போன் செய்தாலும் "எங்களுக்குத் தெரியாது" என்றுதான் வரும். சம்பளம் யார் கணக்கிலிருந்து வரும் என்று இன்டர்வியூ நாளிலேயே கேட்டு, அந்த கான்ட்ராக்டரின் ஆபீஸ் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதை மறந்து சீனியாரிட்டியைத் தொலைத்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். புதுப்பிக்க வேண்டிய மாதத்தை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

பணம் கேட்கும் பதில்கள்

சில இடங்களில் பிரச்சினையே வேறு. பதில் வராமல் இருக்காது. சீக்கிரமாக, இனிப்பாக வந்துவிடும். "செலக்ட் ஆயிட்டீங்க, யூனிஃபார்முக்கும் டிரெயினிங்குக்கும் 3,500 கட்டுங்க" என்பார்கள். வேலை கொடுக்கிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் முன்பணம் கேட்டால் அங்கே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள், அது இணைய மோசடிக்கான தேசிய உதவி எண். எத்தனை சீக்கிரம் சொல்கிறீர்களோ அத்தனைக்குப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்கிற இடத்திலும் சேராதீர்கள். காட்டலாம், கொடுக்கக் கூடாது.

வளைகுடா வேலைக்கு இன்டர்வியூ முடித்தவர்கள் ஏஜென்டிடம் "என்னாச்சு அண்ணே" என்று கேட்டால், "வந்துகொண்டே இருக்கு" என்று மாதக்கணக்கில் சொல்வார். கேள்வியை மாற்றுங்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறது: ஆஃபர் லெட்டர் வந்ததா, மெடிக்கலுக்கு எப்போது, விசா எண் என்ன? ஏஜென்ட் 1983ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பேரைப் போட்டுப் பாருங்கள். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும், ரசீது தர வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் அதற்கும் எழுதி வாங்குங்கள். சட்டப்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, ஏஜென்ட் பணயமாகப் பிடித்து வைக்க உரிமை இல்லை. 1977இல் தொடங்கிய ஒடெபெக் என்ற கேரள அரசு நிறுவனமும், தைக்காட்டில் உள்ள நோர்க்கா ரூட்ஸும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கின்றன. அவர்கள் இன்டர்வியூ முடிவை நேரிலேயே போய்க் கேட்கலாம், நம்ம ஊர் அலுவலகம். கம்போடியா, மியான்மர், தாய்லாந்து என்று டெலிகிராமில் வரும் டேட்டா என்ட்ரி வேலைக்கு இன்டர்வியூ கொடுத்திருந்தால், பின்தொடராதீர்கள். அவர்கள் பின்தொடர்ந்தாலும் பதில் போடாதீர்கள். அப்படிப் போய், மோசடி முகாம்களில் மாட்டித் தவித்துத் திரும்பியவர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருக்கிறார்கள்.

இல்லை என்றால், ஆம் என்றால்

இல்லை என்று யாராவது நேராகச் சொன்னால் அவரைக் கொஞ்சம் மதியுங்கள், அதைச் சொல்லும் பெருந்தன்மை பலருக்கு இல்லை. "சொன்னதுக்கு நன்றி சார், இனி இடம் வந்தா என்னைக் கூப்பிடுங்க" என்று ஒரு வரி. ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் "எதைச் சரிபண்ணிக்கணும்?" என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் வேகம் போதவில்லை, ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வர முடியாது என்று சொன்னீர்கள் என்பது போல ஏதாவது தெரிய வரும். தோட்டத்து முகவரியைப் பார்த்துவிட்டு "தூரம்" என்று தள்ளியிருந்தால், அதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஊகிக்கலாம். அடுத்த விண்ணப்பத்தில் "விதுராவில் தங்கி வேலைக்கு வர முடியும்" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள், உண்மையில் முடியுமானால்.

இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் கிடைத்தால், விருப்பமானதை ஏற்றுக்கொண்டு மற்றதற்கு அன்றே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நழுவுவது சுலபம். ஆனால் அடுத்த வருடம் உங்கள் லயத்திலிருந்து இன்னொரு பெண் அதே கம்பெனிக்குப் போவாள், முகவரியில் அதே ஊர்ப் பேர் இருக்கும்.

ஆம் என்று போன் வந்தால் சந்தோஷத்தில் "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். சேரும் தேதி, கைக்கு வரும் சம்பளம், பி.எஃப். பிடித்தமும் இ.எஸ்.ஐ.யும் உண்டா, ஷிஃப்ட் நேரம், தங்குமிடம் இவற்றை வாட்ஸப்பிலாவது எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அவர் அனுப்பவில்லையென்றால் நீங்களே, "இன்று போனில் நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி எல்லாவற்றையும் எழுதி அனுப்பி, சரிதானா என்று கேளுங்கள். கீழே அவர் "ஓகே" என்று போட்டால் அது பின்னால் உதவும். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வருடக்கணக்கில் அலைந்தவர்களின் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கடைசியாக, ஷிஃப்ட் நேரத்தை பஸ் நேரத்தோடு ஒட்டிப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு நகரத்தில் இருக்க வேண்டிய வேலைக்கு மேலேயிருந்து தினமும் போய்வர முடியாது. சம்மதம் சொல்லும் முன்பே ஹாஸ்டலோ, விதுராவிலோ நெடுமங்காட்டிலோ ஒரு அறையோ பேசி முடிவு செய்யுங்கள். முதல் நாளுக்கு முந்தின மாலையே ஒரிஜினல் சர்டிபிகேட், இரண்டு செட் நகல், போட்டோ, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சித்தி வீட்டுக்கு இறங்கிவிடுங்கள்; காட்டு ரோட்டில் மரம் விழுந்து பஸ் நிற்பதற்கு நீங்கள் வேலைக்குச் சேரும் நாள் என்று தெரியாது.